ஈ46 எம்3: பின் சஸ்பென்ஷன் தளர்ந்துவிட்டால் நீங்களே மாற்றுவது எப்படி

பிஎம்டபிள்யூ ஈ46 எம்3 2000 முதல் 2006 வரை தயாரான வண்டி. கடைசியாக வெளிவந்ததற்கே இப்போது வயது கூடிவிட்டது. அதனால் முன்பு வைத்திருந்தவர் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், பின்பக்க ரப்பர் எல்லாம் போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். குறைவாக ஓடிய வண்டியாயிற்றே என்று நம்ப வேண்டாம், ஓடாமல் நின்றாலும் ரப்பர் காய்ந்து வெடிக்கும். இந்த எஞ்சினின் சக்தி முழுவதும் பின்சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது, அந்தச் சக்கரங்கள் நேராக நிற்பதோ சில ரப்பர் புஷ்களின் (உலோகப் பாகங்கள் சேரும் இடத்தில் உட்காரும் ரப்பர் உருளைகள்) தயவில். அவை தளர்ந்தால் எவ்வளவு நல்ல டயர் போட்டாலும், எவ்வளவு விலையுயர்ந்த ஷாக் (துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாட்டினாலும் வண்டி தன் இஷ்டத்துக்குத்தான் போகும்.

கழற்றுவதும் மாட்டுவதும் பொறுமை இருந்தால் யாருக்கும் வந்துவிடும். புஷ் எந்தக் கோணத்தில் இருக்கும்போது போல்ட்டை இறுக்குகிறோம் என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். புதுப் புஷ் போட்டு சில மாதங்களிலேயே கிழிந்துவிட்டது, பாகம் மட்டமானது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் வண்டியைத் தூக்கி வைத்து, சக்கரம் தொங்கும் நிலையிலேயே எல்லாவற்றையும் இறுக்கியவர்கள்தான். இதை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம்.

பின்பக்கத்தில் என்னென்ன இருக்கிறது

ஒவ்வொரு பக்கமும் நீளமான ட்ரெய்லிங் ஆர்ம் ஒன்று. அதன் முன்நுனியில் ஒரு பெரிய ரப்பர் புஷ், அந்தப் புஷ் ஒரு பிராக்கெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும், பிராக்கெட் மூன்று போல்ட்டில் நேரே பாடியோடு சேர்ந்திருக்கும். ஆர்மின் பின்நுனியில் வீல் பேரிங். நடுவிலுள்ள சப்ஃப்ரேமிலிருந்து (பாடிக்கடியில் மாட்டியிருக்கும் தனிச் சட்டம்) மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு குறுக்கு ஆர்ம்கள் வந்து ட்ரெய்லிங் ஆர்மைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்கின்றன. ஸ்ப்ரிங் தனி, ஷாக் தனி. சப்ஃப்ரேம் நான்கு இடங்களில், அதுவும் ரப்பர் புஷ் வழியாகத்தான், பாடியில் தொங்குகிறது. எஞ்சின் சக்தியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் டிஃப்ரன்ஷியல் அந்த சப்ஃப்ரேமுக்குள் இருக்கிறது.

இதில் முதலில் போவது ட்ரெய்லிங் ஆர்மின் முன் புஷ். பிரேக் பிடித்தால் பின்னால் இழுபடும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்னால் தள்ளப்படும், வளைவில் பக்கவாட்டில் நசுங்கும், சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் முறுக்கிக்கொள்ளும். இத்தனையும் ஒரே புஷ் தாங்க வேண்டியிருக்கிறது.

எது போயிருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

பாகங்களை வாங்கும் முன் வண்டியை ஒருமுறை கவனித்து ஓட்டுங்கள், ஜன்னலை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு.

சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் பின்பக்கம் மேலிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தால், அதிலும் பின் இருக்கைக்குப் பின்னால் யாரோ தட்டுவது போலக் கேட்டால், அது அநேகமாக ஷாக்கின் மேல் மவுன்ட். இதற்கு ஷாக்கையே குறை சொல்லிப் புது ஷாக் வாங்கி, பழைய மவுன்டையே திரும்பப் போட்டுவிட்டு, சத்தம் போகவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. வேகமாகப் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் வண்டியின் பின்பக்கம் ஒரு நொடி தானாகவே திரும்புவது போல உணர்ந்தால், அல்லது நேர்சாலையில் தடம் மாறும்போது முன்பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு பின்பக்கம் தாமதமாக வந்து சேர்வது போல இருந்தால், அது ட்ரெய்லிங் ஆர்ம் புஷ். புஷ் தளர்ந்தால் ஆர்மின் முன்நுனி பக்கவாட்டில் நகர்கிறது, அது நகர்ந்தால் சக்கரத்தின் டோ மாறுகிறது, அதாவது நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடாமலேயே பின்சக்கரம் கொஞ்சம் திரும்புகிறது. நேர்சாலையில் இது எரிச்சல். மழையில், வளைவில், வேகத்தில் இது ஆபத்து.

கிளட்ச் விடும்போதோ கியர் மாற்றும்போதோ அடியிலிருந்து ஒரே ஒரு கனமான இடி விழுந்தால் டிஃப்ரன்ஷியல் புஷ், சப்ஃப்ரேம் புஷ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் ரப்பர் கப்ளிங் ஆகிய மூன்றையும் பாருங்கள். வேகத்தோடு சேர்ந்து ஏறும் ஒரே சுருதியான ஊளைச் சத்தம் வீல் பேரிங், அது வேறு வேலை. பின் டயர்கள் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் மாறியிருக்கிறது, ஆனால் அலைன்மென்ட் தானாக மாறாது, ஏதோ ஒன்று தளர்ந்ததால்தான் மாறியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் அலைன்மென்ட் மட்டும் பார்ப்பது காசைக் கரைக்கிற வேலை.

அப்புறம் கண்ணால் பார்ப்பது. வண்டியைப் பத்திரமாகத் தூக்கி வைத்துவிட்டு, ஒரு நீளமான நெம்புகோலை ட்ரெய்லிங் ஆர்மின் முன்நுனிக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் விட்டு மெதுவாகப் பக்கவாட்டில் நெம்புங்கள். நல்ல புஷ் கொஞ்சம் இணங்கிவிட்டு உடனே திரும்பி வரும். போன புஷ் எதிர்ப்பே காட்டாமல் நகர்ந்து பிராக்கெட்டின் சுவரில் போய் முட்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பர் உலோகத்தைவிட்டுப் பிரிந்த கோடு வட்டமாகத் தெரியும், சில நேரம் பிராக்கெட்டின் உட்சுவரில் ஆர்ம் உரசி உரசிப் பளபளப்பான தடம் விழுந்திருக்கும். அந்தத் தடம் தெரிந்தால் இனி யோசிக்க ஒன்றுமில்லை, மாற்ற வேண்டியதுதான். குறுக்கு ஆர்ம்கள் சேரும் பால் ஜாயின்ட்டுகளுக்கும் (எந்தப் பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டு) இதே நெம்புதல்தான், ஆனால் அங்கே துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. ரப்பர் உறை கிழிந்திருந்தால் இப்போது ஆட்டம் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள், தண்ணீரும் மண்ணும் உள்ளே போய்விட்டது, இனி நாள் கணக்குதான்.

ஷாக்கைப் பொறுத்தவரை, டிக்கியை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் பழைய சோதனை இந்த மாதிரி இறுக்கமான வண்டியில் பெரிதாக எதையும் சொல்லாது. உடம்பில் லேசான எண்ணெய்ப் பூச்சு தூசியோடு இருந்தால் பரவாயில்லை. எண்ணெய் கோடாக வழிந்து கீழ் போல்ட் வரை வந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் போடுவது வேண்டாம்.

இதோடு இன்னொரு முக்கியமான விஷயம், ஈ46 வண்டிக்கே உரியது. சப்ஃப்ரேம் மாட்டியிருக்கும் நான்கு இடங்களைச் சுற்றிப் பின்தளத்துத் தகடு வெடிப்பது இந்த மாடலில் எல்லோரும் அறிந்த குறை. மண்ணைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு மவுன்டைச் சுற்றியும் அடித்தளப் பூச்சில் முடி அளவுக் கோடு இருக்கிறதா, ஸ்பாட் வெல்டு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள். கண்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். சப்ஃப்ரேமை முழுதாக இறக்கி, வெடிப்பை வெல்டு செய்து, பலப்படுத்தும் தகடு வைக்கிறவரை புதுப் புஷ் எதுவும் உதவாது. சொல்லப்போனால், இறுக்கமான புதுப் புஷ் வெடித்த தகட்டின் மேல் இன்னும் அதிகச் சுமையை ஏற்றிவிடும்.

ரப்பரா, பாலியூரித்தேனா

பெர்ஃபார்மன்ஸ் கார் என்றவுடன் எல்லாவற்றையும் பாலியூரித்தேனுக்கு மாற்ற வேண்டும் என்று ஒரு ஆசை வரும். ட்ரெய்லிங் ஆர்ம் புஷ்ஷுக்கு மட்டும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் இருக்கிறது. இந்த ஆர்ம் கதவுக் கீல் மாதிரி ஒரே அச்சில் ஏறி இறங்குவதில்லை. இரண்டு குறுக்கு ஆர்ம்களும் அதன் பின்பகுதியைப் பக்கவாட்டில் கட்டிப்போட்டிருப்பதால், சக்கரம் ஏறும்போது ஆர்ம் கொஞ்சம் உள்ளே வெளியே சாய்ந்தும் திரும்பியும்தான் போக முடியும். அந்தச் சாய்வுக்கும் திருப்பத்துக்கும் இடம் கொடுப்பதுதான் முன்புஷ்ஷின் வேலை. ரப்பர் எல்லாத் திசையிலும் இணங்கும். கெட்டியான பாலியூரித்தேன் சுழல மட்டும் விட்டுவிட்டு மற்றதை எதிர்க்கும். அப்படி எதிர்த்தால் சஸ்பென்ஷன் நடுவழியில் பிடித்துக்கொள்ளும், அந்த விசை பிராக்கெட்டுக்கும் பாடிக்கும் போகும்.

சாலையில் ஓட்டும் வண்டிக்கு அசல் ரப்பர் புஷ்ஷும், அதன் இரண்டு பக்கமும் வைக்கும் மெல்லிய லிமிட்டர் வளையங்களும் போதும். இந்த வளையம் புஷ்ஷுக்கும் பிராக்கெட் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து பக்கவாட்டு நகர்வை மட்டும் குறைக்கும், சுழல்வதைத் தடுக்காது. ஓட்டப்பந்தயத் தடத்திலேயே பெரும்பாலும் ஓடுகிற வண்டி என்றால் கோள வடிவ உலோக பேரிங் போடலாம், அது எல்லாத் திசையிலும் சுதந்திரமாகத் திரும்பும், பக்கவாட்டில் நகரவே நகராது, ஆனால் சாலைச் சத்தம் முழுக்க உள்ளே வரும், அடிக்கடி சோதிக்கவும் வேண்டும்.

தொடங்கும் முன்

வேலைக்கு முந்தைய நாள் எல்லா போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். பிராக்கெட்டின் மூன்று போல்ட்டுகள் பாடியிலேயே உள்ள மரையில் ஏறுகின்றன. அவற்றின் மரை வழுக்கினாலோ போல்ட் உடைந்தாலோ இந்த வேலை இரண்டு மடங்காகிவிடும். அதனால் முதலில் காற்றழுத்தத்தில் போல்ட் கழற்றும் துப்பாக்கியை எடுக்காமல் நீளமான கைப்பிடியால் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று கொண்டுவாருங்கள். இறுகிய போல்ட்டைத் தீயால் சூடாக்கும் பழக்கம் இருந்தால் இங்கே வேண்டவே வேண்டாம். பெட்ரோல் டேங்கும் அதன் குழாய்களும் பிரேக் குழாய்களும் பக்கத்திலேயே இருக்கின்றன.

வண்டியை அசைக்கும் முன், சமதளத்தில் நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது, ஒவ்வொரு பின்சக்கரத்தின் நடுமையத்திலிருந்து செங்குத்தாக மேலே ஃபெண்டரின் விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது, டிக்கியில் என்ன இருக்கிறது என்பதும் வழக்கம்போல இருக்கட்டும். இந்த ஒரு அளவுதான் மீதி வேலை முழுவதற்கும் ஆதாரம். ஸ்ப்ரிங்கைத் தாழ்வான ஸ்ப்ரிங்காக மாற்றப் போகிறீர்கள் என்றால் ஸ்ப்ரிங்கை முதலில் போட்டு, வண்டியை இறக்கி, சிறிது ஓட்டி அமரவிட்டு, அந்தப் புது உயரத்தை அளந்த பிறகு புஷ்ஷுக்கு வாருங்கள்.

முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. பின்பக்கம் இரண்டையும் ஒன்றாகத் தூக்கி, பாடியின் ஜாக்கி இடங்களில் ஸ்டாண்டு வைத்து முட்டுக் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஆன்டி ரோல் பார் (இரண்டு பக்க ஆர்மையும் இணைக்கும் கம்பி) முறுக்கிக்கொண்டு ஆர்மை இழுக்கும், அளவுகள் எல்லாம் பொய்யாகிவிடும். ஸ்டாண்டு வைத்த பிறகு வண்டியைத் தோளால் நன்றாகத் தள்ளிப் பாருங்கள், அசையவில்லை என்று தெரிந்த பிறகு உள்ளே போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போவது எந்தக் காரணத்துக்காகவும் கிடையாது. சக்கரத்தைக் கழற்றிய பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிடுங்கள்.

கோணத்தைக் குறிப்பது

இதுதான் பலர் தாண்டிப் போகிற படி. ட்ரெய்லிங் ஆர்ம் புஷ்ஷின் நடுப் போல்ட், பிராக்கெட் பாடியில் ஏறிய பிறகு ஸ்பேனருக்கு எட்டாது, அதற்கு மேலே பாடியின் குழிவு வந்து மறைத்துவிடும். மற்ற இடங்களில் வண்டியைத் தரையில் வைத்துவிட்டு இறுக்கலாம், இங்கே முடியாது. பிராக்கெட்டைக் கீழே வைத்திருக்கும்போதே, சரியான கோணத்தில், நடுப் போல்ட்டை இறுக்கிவிட்டு அதற்கப்புறம்தான் மேலே ஏற்ற வேண்டும்.

ஏன் கோணம் இவ்வளவு முக்கியம்? இந்தப் புஷ் உருண்டு சுழலாது. உள்ளே இருக்கும் உலோகக் குழாய் பிராக்கெட்டோடு இறுகிவிடும், வெளிவட்டம் ஆர்மோடு ஒட்டியிருக்கும், சக்கரம் ஏறி இறங்கும்போது நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுக்கி விடுபடுகிறது. வண்டி சாதாரணமாக நிற்கும் உயரத்தில் அந்த ரப்பர் முறுக்கு இல்லாமல் ஓய்வாக இருக்க வேண்டும். சக்கரம் தொங்கும் கோணத்தில் இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதுமே ரப்பர் ஈரத்துணியைப் பிழிந்து பிடித்தது போல முறுக்கிக்கொண்டே நிற்கும், நிற்கும்போதும் ஓய்வில்லை, ஓடும்போதும் ஓய்வில்லை. ஒவ்வொரு பள்ளமும் அதை இன்னும் முறுக்கும், கடைசியில் உலோகத்தைவிட்டுக் கிழித்துக்கொண்டு வரும். போதாததற்கு வண்டியின் பின்பக்கம் இயல்பைவிடக் கொஞ்சம் உயர்ந்தும் நிற்கும்.

எனவே எதையும் கழற்றும் முன், ட்ரெய்லிங் ஆர்மின் பின்நுனிக்கடியில் ஜாக்கியை வைத்து மெதுவாக ஏற்றுங்கள், ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புக்கு நீங்கள் எழுதி வைத்த அளவு வரும் வரை. வண்டி ஸ்டாண்டைவிட்டு எழும்பத் தொடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும், எழும்பினால் உடனே நிறுத்திவிட்டு, டிக்கியில் எடை வைத்து மறுபடி முயலுங்கள். அளவு வந்தவுடன் பிராக்கெட்டின் தட்டையான அடிப்பகுதிக்கும் ஆர்மின் நேரான விளிம்புக்கும் இடையிலான கோணத்தை டிஜிட்டல் கோணமானியால் அளந்து எழுதுங்கள். கூடவே பெயின்ட் மார்க்கரால் பிராக்கெட்டிலிருந்து ஆர்முக்குத் தொடர்ச்சியாக ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோணமானி இல்லாவிட்டால் கோடு மட்டும்கூடப் போதும், ஆனால் இரண்டும் இருந்தால் ஒன்று அழிந்தாலும் மற்றது காப்பாற்றும். பழைய புஷ் கழன்றதும் எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதையே வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள், கிழிந்த புஷ் எந்தக் கோணத்திலும் நிற்கும், அதை நம்பாதீர்கள்.

இன்னொரு குறியும் வேண்டும். பிராக்கெட் பாடியோடு சேரும் துளைகள் நீள்வட்டமானவை, பின்சக்கரத்தின் டோ சரிசெய்வது இந்த இடத்தில்தான். பிராக்கெட்டின் விளிம்பைச் சுற்றி பாடியில் கூர்மையான ஊசியால் கீறிக்கொண்டால், திரும்ப மாட்டும்போது டோ கிட்டத்தட்ட பழைய இடத்துக்கு வந்துவிடும், அலைன்மென்ட் செய்யும் இடம் வரை வண்டியை நிம்மதியாக ஓட்டிப் போகலாம்.

புஷ்ஷை வெளியே எடுப்பது

ஜாக்கியை இறக்கி ஆர்மைத் தொங்கவிடுங்கள், ஆனால் ஜாக்கி ஆர்மைத் தொட்டபடியே இருக்கட்டும். ஏபிஎஸ் வயரையும் பிரேக் குழாயையும் ஆர்மிலும் பாடியிலும் உள்ள கிளிப்புகளிலிருந்து விடுவியுங்கள். ஆர்மின் முன்நுனி இறங்கும்போது பிரேக் குழாயின் உலோகப் பகுதி வளைந்து மடிந்துவிடும் அபாயம் இருக்கிறது, ஒவ்வொரு அங்குலம் இறக்கும்போதும் அதை ஒரு கண் பாருங்கள். ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றும் முன் ஆர்முக்கு முட்டு இருக்க வேண்டும், ஏனென்றால் ஆர்ம் ஓரளவுக்கு மேல் கீழே போகாமல் பிடித்திருப்பது ஷாக்தான். அதைக் கழற்றிய பின் ஆர்ம் மேலும் இறங்கும், டிரைவ் ஷாஃப்டின் ஜாயின்ட் அதிகம் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரிங்கை மாற்றுவதானால் அது தளர்ந்து கையோடு வந்துவிடும் நேரமும் இதுதான், கீழேயும் மேலேயும் இருக்கும் ரப்பர் பேட்களைப் பாருங்கள், நசுங்கி மெலிந்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள்.

இப்போது பிராக்கெட்டின் மூன்று போல்ட். அவை வந்தவுடன் ஆர்மின் முன்நுனியைக் கீழே இழுத்து, ஆர்முக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு தடித்த மரக்கட்டையைச் செருகுங்கள். மரக்கட்டை இல்லாமல் கையால் பிடித்துக்கொண்டு வேலை செய்ய நினைக்காதீர்கள், ஆர்ம் மேலே எகிறினால் விரல் நடுவில் மாட்டும். நடுப் போல்ட்டைக் கழற்றிப் பிராக்கெட்டை எடுத்துவிட்டால் புஷ் முழுதாகத் தெரியும். அது ஆர்மின் துளையில் எந்தப் பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள், ரப்பரில் பள்ளமோ அம்புக்குறியோ இருந்தால் அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

புஷ்ஷை இழுக்க இந்த ஆர்முக்கென்றே வரும் திருகு இழுவைக் கருவி கிடைக்கும், வாடகைக்காவது எடுங்கள். சுத்தியலால் அடித்து எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த அடி முழுவதும் மறுமுனையில் இருக்கும் வீல் பேரிங்குக்குப் போகிறது. கருவியின் திருகில் கிரீஸ் தடவி, நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, மெதுவாகத் திருகினால் ஒரு கட்டத்தில் டப் என்று ஒரு சத்தத்தோடு புஷ் விடும். அதுவரை இறுக்கமாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். துளையின் உட்சுவரைத் துரு போகத் துடைத்துவிடுங்கள், உலோகத்தைத் தின்னும் அளவுக்குத் தேய்க்க வேண்டாம்.

புதுப் புஷ்ஷை ஏற்றும்போது சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். சாதாரண கிரீஸும் எஞ்சின் ஆயிலும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். தொடக்கத்தில் கோணலாகப் போகிறது என்று சந்தேகம் வந்தால் உடனே வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள், கோணலாகப் போன புஷ்ஷைத் தொடர்ந்து திருகினால் நேராகாது. எழுதி வைத்த நீட்டல் அளவு இரண்டு பக்கமும் வரும் வரை ஏற்றுங்கள்.

இனி லிமிட்டர் வளையங்களை இரண்டு பக்கமும் வைத்து, பிராக்கெட்டைப் போட்டு, நடுப் போல்ட்டை விரலால் ஏற்றிவிட்டு, பிராக்கெட்டைத் திருப்பிக் குறித்த கோணத்துக்குக் கொண்டுவாருங்கள். கோணமானியை வைத்துப் பார்த்துக்கொண்டே இறுக்க வேண்டும், டார்க் ரென்ச்சை (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இழுக்கும்போது பிராக்கெட்டும் சேர்ந்து திரும்பப் பார்க்கும். ஒருவர் பிடிக்க ஒருவர் இறுக்கினால் நல்லது. இந்தப் போல்ட்டுக்கு 110 நியூட்டன் மீட்டர். இறுக்கிய பிறகு இன்னொரு முறை கோணத்தைப் பாருங்கள், மாறியிருந்தால் தளர்த்திவிட்டு மறுபடி. அதன் பிறகு மரக்கட்டையை எடுத்து, ஆர்மை ஜாக்கியால் ஏற்றி, பிராக்கெட்டைக் கீறிய கோட்டுக்குள் உட்காரவைத்து, மூன்று போல்ட்டையும் கையால் ஏற்றிய பின் 77 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். மற்ற போல்ட்டுகளின் அளவுகளை உங்கள் வண்டியின் பட்டறைக் கையேட்டில் பார்த்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள், தோராயமாக இறுக்குவது சஸ்பென்ஷனில் ஆகாது. தானே பூட்டிக்கொள்ளும் நட்டுகள் அனைத்தும் புதியவை.

பால் ஜாயின்ட்டும் குறுக்கு ஆர்மும்

ஆர்ம் இறங்கியிருக்கும் இந்த நேரத்திலேயே பால் ஜாயின்ட்டையும் முடித்துவிடுவது புத்திசாலித்தனம். சர்க்ளிப் (பள்ளத்தில் உட்கார்ந்து பூட்டும் வளையம்) எடுக்க வேண்டும், அழுத்துக் கருவியால் தள்ள வேண்டும், புதியது நேராக உள்ளே போய் சர்க்ளிப் அதன் பள்ளத்தில் முழுதாக உட்கார வேண்டும், அவ்வளவுதான். புதியதை ஏற்றும்போது கருவி அதன் வெளிவட்டத்தை மட்டும் தள்ள வேண்டும், நடுவில் அழுத்தினால் புதியதே கெட்டுவிடும்.

கீழ்க் குறுக்கு ஆர்மை எடுப்பதானால் அதில் இருக்கும் எக்சென்ட்ரிக் போல்ட்டை (மையம் விலகிய போல்ட்) கவனியுங்கள், கேம்பர், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம், சரிசெய்வது அதைத் திருப்பித்தான். கழற்றும் முன் அதன் தலைக்கும் பக்கத்து உலோகத்துக்கும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். இந்த ஆர்ம்களின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை இப்போது விரல் இறுக்கத்தோடு விட்டுவிடுங்கள், கடைசி இறுக்கம் பின்னால் வருகிறது.

ஷாக்

டிக்கியின் பக்கவாட்டு விரிப்பை விலக்கினால் மேல் மவுன்டின் இரண்டு நட்டுகள் தெரியும். கீழ் போல்ட் ஏற்கெனவே கழன்றிருந்தால் நட்டுகளை எடுத்தவுடன் ஷாக் கீழே விழும், இன்னொரு கை கீழே இருக்கட்டும். மவுன்ட், பம்ப் ஸ்டாப், தூசி உறை, மவுன்டுக்கும் பாடிக்கும் நடுவிலிருக்கும் கேஸ்கெட் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். மேலே ஒரு பலப்படுத்தும் தகடு சேர்ப்பது நல்ல பழக்கம், மவுன்டின் அடி பாடித் தகட்டில் ஒரே இடத்தில் விழாமல் பரவும்.

ஷாக்கின் நடுக்கம்பியைப் பளபளப்பான பகுதியில் பிளையரால் பிடித்து நட்டு இறுக்காதீர்கள். ஒரு சின்னக் கீறல் போதும், ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் சீலை அறுத்து எண்ணெயை வெளியேற்றிவிடும். கம்பியின் நுனியில் பிடிக்க இடம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு கையால் இறுக்குங்கள். இரட்டைக் குழாய் வகை ஷாக் என்றால் மாட்டும் முன் செங்குத்தாக நிறுத்தி, சில முறை முழுதாக அழுத்தி முழுதாக இழுங்கள். படுத்துக் கிடந்தபோது உள்ளே இடம் மாறிய காற்று மேலே போய்விடும்.

உயரத்தில் வைத்து இறுக்குவது

இப்போது எல்லாம் மாட்டியாயிற்று, குறுக்கு ஆர்ம் போல்ட்டுகளும் ஷாக்கின் கீழ் போல்ட்டும் மட்டும் இன்னும் தளர்வாக இருக்கின்றன. மறுபடி ஜாக்கியை ஆர்மின் பின்நுனிக்கு வைத்து, ஹப் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புக்கு அதே அளவு வரும்வரை ஏற்றி, அந்த நிலையில் ஒவ்வொரு ரப்பர் புஷ் போல்ட்டையும் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். எக்சென்ட்ரிக் போல்ட் கோட்டோடு கோடு சேர்ந்திருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இரண்டு ஜாக்கியால் ஏற்ற முடிந்தால் இன்னும் சரியாக வரும். பால் ஜாயின்ட்டுக்கு இந்த உயரக் கணக்கு தேவையில்லை, அது எந்தப் பக்கமும் சுழலும், ஆனால் ரப்பர் புஷ் எதுவாக இருந்தாலும், இந்த வண்டியிலும் வேறெந்த வண்டியிலும், நிற்கும் உயரத்தில்தான் கடைசி இறுக்கம்.

ஏபிஎஸ் வயர், பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் கிளிப்புக்குள் திரும்பப் போய்விட்டனவா, சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் முழுதாக ஏறும்போதும் எதிலும் உரசாமல், இழுபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். சக்கர போல்ட்டுகளுக்கு 120 நியூட்டன் மீட்டர், தரையில் இறக்கிய பிறகு.

முதல் ஓட்டம் மெதுவாக, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இருக்கட்டும். பிரேக்கைச் சில முறை மிதித்துப் பாருங்கள், லேசாகக் காலை எடுத்துப் பாருங்கள், பின்பக்கம் இப்போது முன்பக்கத்தோடு ஒரே நேரத்தில் திரும்புவது முதல் வளைவிலேயே தெரியும். திரும்பி வந்து எல்லா போல்ட்டையும் ஒருமுறை பாருங்கள். பிறகு அலைன்மென்ட். டோ பிராக்கெட்டின் மூன்று போல்ட்டைத் தளர்த்தித்தான் சரிசெய்யப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், கேம்பரை மாற்றினால் டோவும் சேர்ந்து மாறும் என்பதால் கேம்பர் முதலில், டோ கடைசியில். பிஎம்டபிள்யூ இந்த வண்டியை இருக்கைகளிலும் டிக்கியிலும் எடை வைத்து, டேங்க் நிரப்பி அளக்கச் சொல்கிறது, காலியான வண்டியில் எடுத்த அளவும் எடையோடு எடுத்த அளவும் பின்பக்கத்தில் ஒன்றாக இருக்காது. கேம்பருக்காக எக்சென்ட்ரிக் போல்ட்டைத் தளர்த்தினார்கள் என்றால், அதை வண்டி தரையில் நிற்கும்போதே கடைசியாக டார்க் ரென்ச்சால் இறுக்கினார்களா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.